ரேக்கு அக்காவும் காலி வண்டியும்

பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சீனியாவது ஒரு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். இந்த வழக்கத்தை ரயிலுக்கும் பொருத்திப் பார்த்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் ரேக்கு அக்காதான். அதுவும் மனிதர்கள் போகிற ரயில் இல்லை. இரும்புக்கல் ஏற்றிப் போகிற கூட்ஸ் ரயில்.

அவர் எங்கள் பக்கத்துப் பெண்தான். வடகவுஞ்சிக்கு உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் சிற்றூரில் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, வீடு கிடையாது. கல்யாணம் ஆன கையோடு கணவருடன் வடக்கே எங்கேயோ இருக்கும் பெரிய இரும்புச் சுரங்கத்துக்குப் போய்விட்டார். கணவர் மலையைத் தோண்டுகிற இயந்திரம் ஓட்டினார். இவர், ரயிலில் கல் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த கேன்டீனில் இட்லி அவித்தார். கணவர் காலமானதும், அங்கேயே வேலையில் இருந்த மகனை விட்டுவிட்டு, பெருமாள்மலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தார். முழு கூட்ஸ் ரயிலுக்கு அங்கே 'ரேக்' என்று பெயராம். இவர் லாரி, ஜீப், மினி பஸ், தள்ளுவண்டி எல்லாவற்றையும் "ரேக்கு" என்றே சொன்னதால் அந்தப் பெயரே இவருக்கு ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் எனக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் பெருமாள்மலையில் யாருக்கும் அடையாளம் தெரியாது.

அவருடைய சண்டை இதுதான். சுரங்கத்திலிருந்து ரயில் பெட்டி பெட்டியாகக் கல்லை நிரப்பிக்கொண்டு, குகைகளுக்குள் புகுந்து, மலையிறங்கிக் கடற்கரைத் துறைமுகத்துக்குப் போகும். அங்கே கல்லைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டிகளோடு மலையேறித் திரும்பும். வருஷக்கணக்காக அதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு வயிறு எரிந்திருக்கிறது.

"நாம பாத்திரத்தை ரொப்பி ரொப்பி அனுப்புறோம். அந்தத் தொறமுகத்துக்காரன் வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்புறான். ஒரு கை உப்பு அள்ளிப் போட்டா கொறஞ்சா போவான்? என்ன வளர்ப்போ!" என்பார்.

சொல்வதோடு நிறுத்தவில்லை. கேன்டீனுக்குச் சாப்பிட வந்த பெரிய அதிகாரி ஒருவரிடமே கேட்டுவிட்டாராம். கடற்கரையில் மீன் மலிந்து கிடக்கிறது, இங்கே நாங்கள் மீனுக்குப் பறக்கிறோம், திரும்புகிற பெட்டியில் மீன் ஏற்றி அனுப்பச் சொன்னால் என்ன என்று.

"இரும்பு போற பெட்டியில மீனாம்மா?" என்று அவர் சிரித்திருக்கிறார்.

"ஏங்கய்யா, ஒங்க வீட்ல மீனை இரும்புச் சட்டியிலதான வறுக்குறீங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். அதிகாரி அதற்குப் பிறகு கேன்டீன் பக்கம் வரவேயில்லையாம். அக்கா அதைத் தன் வெற்றியாகவே சொல்லிக்கொண்டார்.

கடைசியில் ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர்களைப் பிடித்தார். போகும்போது அவர்களுக்கு இட்லிப் பொட்டலம். வரும்போது அவர்கள் கையில் இவருக்கு ஒரு பொட்டலம் கருவாடு. நீளமான ரயிலில் ஒரு பொட்டலம் கருவாடு. "ஆனா ரேக்கு காலியா வரலைல்ல?" என்று கண்ணைச் சிமிட்டுவார்.

காலி ரயிலின் சத்தத்தை அவர் செய்து காட்டுவதைக் கேட்க வேண்டும். கல் ஏற்றிய ரயில் பிள்ளைத்தாச்சி மாதிரி முனகிக்கொண்டு போகுமாம். காலி ரயில்தான் ஊரைக் கூட்டுமாம். "குறைகுடம் கூத்தாடும்னு சும்மாவா சொன்னாங்க? ரவைக்குத் தூங்க விடாது, பாவி" என்று தகரத்தைத் தட்டுகிற மாதிரி வாயாலேயே கடகடப்பார்.

இப்படிப்பட்டவர் பெருமாள்மலை முக்குக்குக் குடிவந்தால் என்ன ஆகும்? கொடைக்கானல் மலையில் காய்கறி கீழே போகும், கீழேயிருந்து டூரிஸ்ட் மேலே வருவார். போகிற வண்டி நிறைந்திருந்தால் வருகிற வண்டி காலி, வருகிற வண்டி நிறைந்திருந்தால் போகிற வண்டி காலி. அக்கா முக்கிலேயே நின்றுகொண்டு வண்டிகளை மறிக்க ஆரம்பித்தார். பால் வண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை ஏற்றுவார். கல்யாண வேனில் கோழிக்கூண்டை ஏற்றுவார். டிரைவர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு அவரைக் கண்டதும் கதவைத் தாங்களே திறந்துவிடப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு தடவை வத்தலகுண்டிலிருந்து அமரர் ஊர்தி ஒன்று ஒரு பெரியவரின் உடலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பியது. டிரைவரிடம் என்ன பேசினாரோ தெரியாது, அதில் பீட்ரூட் மூட்டைகளை ஏற்றிவிட்டார். வண்டி கீழே காய்கறி மண்டிக்குள் நுழைந்ததும் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்களாம். ஒருவர் கை கூப்பியே விட்டாராம். பின்கதவைத் திறந்தால் பீட்ரூட். அந்த மூட்டைகளை வாங்க அன்று ஒருவரும் முன்வரவில்லை. மூட்டைக்குச் சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டபோது அக்கா அசையவில்லை.

"செத்தவரு மேலயே எறங்கிட்டாருல்ல? பீட்ரூட்டு என்ன தீட்டாவா போச்சு?" என்றார்.

நான் பூண்டு போடுகிறவள். எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது எங்கள் ஊர் பஸ்ஸால். காலையில் பெருமாள்மலையிலிருந்து ஒரு சின்ன பஸ் எங்கள் ஊருக்கு ஏறி வரும். இங்கே பள்ளிப் பிள்ளைகளையும் கூலிக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு நெருக்கியடித்துத் திரும்பும். சாயங்காலம் அதே கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். என் மகள் தேவி அதில்தான் போய், பெருமாள்மலையில் பஸ் மாறி, கொடைக்கானலில் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் காலையில் ஏறி வருகிற பஸ்ஸிலும் சாயங்காலம் இறங்கிப் போகிற பஸ்ஸிலும் ஆளே இருக்காது. டிரைவர், கண்டக்டர், அப்புறம் ரேக்கு அக்கா. தன் நிலத்தைப் பார்க்க அவர் தினமும் அதில்தான் வந்து போனார். நடு சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பைகளை வைத்து, தன்னால் முடிந்தவரை பஸ்ஸை நிரப்பிக்கொண்டு வருவார்.

ஒருநாள் ஊரில் பஸ் நின்றதும், கண்டக்டர் தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் இரண்டு பேரிடமும் வந்தார்.

"அக்கா, இந்த டிரிப்பை நிப்பாட்டப் போறாங்களாம். பாதி நேரம் வெறும் வண்டியை ஓட்டுறோம்னு டிப்போவுல பேச்சு. ஆபீசர் ஒருத்தர் நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுவாராம்."

நான் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டேன். பஸ் இல்லையென்றால் தேவிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஹாஸ்டலில் விடலாம் என்றால் அவள் ஒரு தடவை போய், மூன்றாம் நாளே காய்ச்சலோடு திரும்பி வந்தவள். படிப்பை விட்டுவிட்டு என்னோடு பூண்டு உரிக்க உட்கார வேண்டியதுதான். நான் எட்டாவதோடு உட்கார்ந்தவள். அவளும் அப்படி உட்காருவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ரேக்கு அக்காவுக்கோ இந்தச் செய்தியைக் கேட்டதும் முகம் பிரகாசமாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க ரயிலோடு போட்ட சண்டையில் தோற்றவருக்கு, கைக்கு அடக்கமாக ஒரு பஸ் கிடைத்திருக்கிறது.

"நீ ஏன் புள்ள அழுகுற? ரேக்கை நான் ரொப்புறேன்" என்றார்.

ரொப்பினார். எப்படி என்றால், எங்கள் ஊர் எல்லையில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. மழை பெய்தால் துருப்பிடித்த மாதிரி செந்நிறமாக நீர் வடியும். மாடு முதுகு சொறிய உதவும், வேறு பிரயோசனம் இல்லை. கொடைக்கானலில்தான் எல்லாவற்றுக்கும் ஒரு பாயிண்ட் உண்டே. அக்கா பெருமாள்மலை டீக்கடையில் நின்ற டூரிஸ்ட்டுகளிடம், "இரும்புப் பாறை பாயிண்ட் பாத்தாச்சா? முப்பது வருசம் இரும்பு மைன்ஸுல இருந்தவ சொல்றேன், அம்புட்டும் இரும்பு! காலையில வெள்ளனே ஒரே ஒரு ரேக்குதான் போகும், வெரசா ஏறுங்க" என்று சொல்லி ஏற்ற ஆரம்பித்தார். வந்தவர்கள் பாறையைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். யாரோ வீடியோ போட்டார்கள். ஒரே வாரத்தில் காலையில் ஏறி வருகிற பஸ்ஸிலும் சாயங்காலம் இறங்குகிற பஸ்ஸிலும் நிற்க இடமில்லை. கண்டக்டர் தம்பி பூரித்துப் போனார். நான் எங்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டேன்.

ஆனால் பொய்க்குக் கால் இல்லை என்றாலும் பஸ் கிடைத்துவிட்டதே. எங்கள் ஊரில் இரும்பு இருக்கிறது, சுரங்கம் வரப்போகிறது, ரயிலும் வரப்போகிறது என்று பேச்சு மலையெல்லாம் பரவிவிட்டது. கொடைக்கானலுக்கென்று பெயர் வைத்த கொடை ரோடு ஸ்டேஷனே மலைக்குக் கீழே எங்கோ கிடக்கிறது. எங்கள் ஊருக்கு ரயிலாம்! நம்பினார்களா என்றால், நம்பினார்கள். ஸ்டேஷன் கோயில் பக்கம் வர வேண்டுமா, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வர வேண்டுமா என்று மாமனும் மச்சானும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் டூரிஸ்ட்டோடு நிலம் கேட்டுத் தரகர்களும் வர ஆரம்பித்தார்கள்.

என் வீட்டுக்காரர் விதைப் பூண்டை மூட்டையோடு ஓரமாக வைத்துவிட்டார்.

"இனி இதை ஊனி என்ன ஆகப் போகுது? மைன்ஸு வந்தா நமக்கும் வேலை குடுப்பாங்கள்ல" என்றார்.

மண் ஈரமாகக் காத்துக்கிடக்கிறது, ஊன்றுகிற பருவம் நழுவிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் ரயிலுக்குக் காத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் நேராக அக்காவின் நிலத்துக்குப் போய், வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

"பஸ்ஸை ரொப்புறேன்னு சொல்லிட்டு எங்க அடுப்பை அணைச்சுப்புட்டீங்களேக்கா! அவரு பூண்டு ஊன மாட்டேங்கிறாரு. எதுத்த வீட்டுக்காரரு நெலத்துக்கு வெலை பேசிட்டாரு."

பதிலுக்குப் பதில் பேசுகிறவர் அன்று களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். 

"அங்க நாங்க போனப்ப மலை இருந்துச்சு புள்ள. மேல ஒரு ஊரும் இருந்துச்சுன்னு சொல்வாங்க. எங்க வீட்டுக்காரரு படிபடியா வெட்டிக்கிட்டே வந்தாரு. நான் கெளம்பி வர்றப்ப மலை இருந்த எடத்துல வானந்தான் கெடந்துச்சு. எங்களுக்குச் சோறு போட்ட எடம், கொறை சொல்லல. ஆனா இங்கயும் இரும்புன்னு நான் வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கக் கூடாது."

 திட்ட வந்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், நானே அவர் களைக்கொத்தை எடுத்து மிச்சக் களையைக் கொத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நெருக்கியடித்து வந்த பஸ் எங்கள் ஊரில் நின்றதும், அக்கா யாரையும் இறங்க விடாமல் படியில் நின்றுகொண்டார். ஊர்க்காரர்களையும் பஸ்ஸைச் சுற்றிக் கூப்பிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அது இரும்பு இல்ல, வெறும் பாறை. பஸ்ஸுக்கு ஆள் சேக்க நான் சொன்ன பொய்யி. மைன்ஸும் வராது, ரயிலும் வராது. நெலத்தை வித்தவன் ஏமாந்தவன். ஊன வேண்டியதை ஊனுங்க."

ஒரு தரகர் அவரை அடிக்கவே வந்தார். மாட்டுக்காரர் ஒருவர்தான் நிம்மதியாகச் சிரித்தார். பாறை மறுபடி மாடுகளுக்கே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் விதைப் பூண்டு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அடுத்த நாள் பஸ் பழையபடி கடகடத்துக்கொண்டு வந்தது. நடு சீட்டில் அக்கா மட்டும் இருந்தார்.

"நாளைக் காலையில ஆபீசர் வர்றாருக்கா. பெருமாள்மலையில ஏறி இங்க வரைக்கும் பாக்கப் போறாராம்" என்றார் கண்டக்டர் தம்பி.

அன்று அக்கா தலை நிமிரவே இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பைத்தியக்கார யோசனைதான். ஆனால் அவரோடு பழகினால் அப்படித்தான் வரும். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ் திரும்பும்போது, ஊரே ஏறிக்கொண்டோம். ஆண், பெண், கைப்பிள்ளை எல்லாரும் பெருமாள்மலையில் இறங்கி, அக்காவின் ஒற்றை அறையிலும் பக்கத்துக் கடைகளின் வாசலிலும் குளிரில் சுருண்டு படுத்துவிட்டு, காலையில் பல் விளக்கி அதே பஸ்ஸுக்கு வரிசையில் நின்றோம்.

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். அவருக்கு உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"எங்க போறீங்க?"

"ஊருக்குங்க."

"எங்கேருந்து வர்றீங்க?"

"ஊர்லேருந்துங்க."

அடுத்தவரைக் கேட்டார். அவரும் ஊரிலிருந்து ஊருக்குத்தான். இன்னொருவர் கொஞ்சம் சாமர்த்தியமாக, "சும்மா, எங்க வீட்டைச் சுத்திப் பாக்கப் போறேங்க" என்றார். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், வளைவுக்கு வளைவு சிரித்துக்கொண்டே வந்தார். ஊரில் இறங்கியதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இப்படித் தெனமும் உங்களால வர முடியுமா? அதுக்கு வேற வழி இருக்கு. சாயங்காலம் வந்த பஸ்ஸை ராத்திரி இங்கேயே நிறுத்திருவோம். டிரைவரும் கண்டக்டரும் படுக்க எடம் குடுங்க. காலையில இங்கேருந்தே கிளம்பட்டும். மேல காலியா வர்றதும் இல்ல, கீழ காலியாப் போறதும் இல்ல. நான் எழுதி அனுப்புறேன்."

ஊரே கை தட்டியது. எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியவர் ரேக்கு அக்கா. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இனி காலையில் ஏறி வருகிற டிரிப் இல்லை. சாயங்காலம் இறங்குகிற டிரிப் இல்லை. அந்த இரண்டிலும் தினமும் வந்து போனவர் ஒரே ஒருவர்தான்.

"அப்ப நீங்க எப்படிக்கா..." என்று ஆரம்பித்தேன். அவர் யாருக்கும் தெரியாமல் என் கையை அழுத்திக் கிள்ளினார்.

"வாயை மூடு புள்ள. கெடைச்சதைக் கெடுத்துறாத."

"அப்ப எங்க வீட்லயே தங்கிக்கோங்க."

"விருந்தும் மருந்தும் மூணு நாளு. போ, போய்ச் சோலியைப் பாரு."

பஸ் ஊரிலேயே தங்கிக் கிளம்பிய முதல் நாள், நானும் தேவியோடு அதில் போனேன். புத்தகப் பைகள், பூண்டு மூட்டைகள், கூலிக்குப் போகிறவர்கள், கால் வைக்க இடமில்லை. வடகவுஞ்சிப் பாதையை நோக்கி இறங்குகையில், எதிரே ஏற்றத்தில் கையில் பையோடு அக்கா நடந்து வந்துகொண்டிருந்தார். பால் வண்டி அவரை வடகவுஞ்சி முக்கில் இறக்கிவிட்டிருக்கும். முகமெல்லாம் வியர்வை. தேவிதான் முதலில் பார்த்தாள். அவள் கத்தியதும் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

அக்காவுக்கு வந்ததே கோபம்!

"எதுக்கு நிப்பாட்டுறீங்க? நான் மேல போறவ, இந்த வண்டியில எனக்கென்ன சோலி? புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது. கெளம்புங்க, சலோ, சலோ!" என்று பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பஸ் நகர்ந்தது. ஒவ்வொரு ஜன்னலாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு இடமாவது விட்டுப்போயிருக்கிறதா என்று. இல்லை. நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் ஏற்றத்தில் திரும்பி நடந்தார். வளைவு வரைக்கும் அந்த ரோட்டில் வேறு யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தேவி என் மடியில் தன் புத்தகப் பையை வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெருமாள்மலை வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.